வாசகர் கேள்வி–பதில்: மண்ணில் மருந்து தேடிய ஓமுரா

சென்ற இதழில் யானைக்கால் நோய்க்கான மாத்திரைகளைப் பற்றி எழுதியபோது, ஐவர்மெக்டின் என்ற மருந்துக்கு வழிவகுத்த ஜப்பானிய வேதியியலாளர் சதோஷி ஓமுராவின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அவருடைய ஆய்வு வாழ்க்கைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர் வேதியியலாளர் என்று எழுதியிருந்தீர்கள். மருத்துவம் படிக்காத ஒருவருக்கு அந்தப் பரிசு எப்படிக் கிடைத்தது? அவர் முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தார் என்று கேள்விப்பட்டேன், உண்மைதானா? (ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: உண்மைதான் அம்மா. ஓமுரா 1935ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி, யமனாஷி மாநிலத்தில் உள்ள நிராசாகி என்ற ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். 1958இல் யமனாஷி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதும், டோக்கியோவின் சுமிடா பகுதியில் இருந்த ஒரு தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியின் மாலை வகுப்புகளுக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். பகலெல்லாம் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு படிக்க வரும் இளைஞர்களுக்கான வகுப்புகள் அவை. ஒரு தேர்வு நாளில், வேலையை முடித்த கையோடு ஓடிவந்த மாணவன் ஒருவன், இயந்திர எண்ணெய் இன்னும் ஒட்டியிருந்த விரல்களால் விடைத்தாளில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகவும், இவ்வளவு பாடுபட்டுப் படிக்கும் இவர்கள் முன்னால் நாம் இதுவரை என்ன படித்துவிட்டோம் என்ற எண்ணம் தம்மை உலுக்கிவிட்டதாகவும் ஓமுரா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் மாலையில் பாடம் நடத்திக்கொண்டே டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்து, 1963இல் அதை முடித்தார். ஆசிரியப் பணியில் இருக்கும் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். மாணவர்களைக் கண்டு ஆசிரியர் கற்றுக்கொண்ட நிகழ்ச்சி இது.

அதன் பின் இரண்டு ஆண்டுகள் யமனாஷி பல்கலைக்கழகத்தில் நொதித்தல் துறையில் பணியாற்றினார். வேதியியலாளரின் கையால் எளிதில் செய்ய முடியாத மாற்றத்தை, சர்க்கரைக் கரைசலில் விட்ட ஈஸ்ட் சத்தமில்லாமல் செய்து முடிப்பதை அங்கேதான் அவர் அருகிலிருந்து கண்டார். 1965இல் டோக்கியோவின் கிட்டசாட்டோ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். நுண்ணுயிரியலாளர் ஷிபாசாபுரோ கிட்டசாட்டோ 1914இல் நிறுவிய அந்த இடத்தில், லூக்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டறிந்த டோஜு ஹாட்டாவின் ஆய்வகம் இருந்தது. லூக்கோமைசின் ஒரே பொருளன்று, ஒன்றையொன்று மிகவும் ஒத்த பல பொருள்களின் கலவை. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த அணு எங்கே அமர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பணியில் ஓமுரா இறங்கினார். அந்த ஆய்வுக்காக 1968இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மருந்தியல் முனைவர் பட்டமும், 1970இல் டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டமும் பெற்றார்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 2015ஆம் ஆண்டுப் பரிசின் ஒரு பாதி, உருளைப்புழுக்களால் உண்டாகும் நோய்களுக்குப் புதிய சிகிச்சையைத் தந்ததற்காக ஓமுராவுக்கும் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் கேம்பெலுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. மறு பாதி, மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டிமிசினினுக்காகச் சீனாவின் டு யூயூவுக்குச் சென்றது. மூவரில் எவரும் நோயாளியின் நாடி பிடித்துப் பெயர் பெற்ற மருத்துவர் அல்லர். மருந்து என்பது முதலில் ஒரு மூலக்கூறு என்பதால், அதைத் தேடி எடுப்பவருக்கு மருத்துவப் பரிசு சேர்வதில் எனக்கு வியப்பு எதுவும் இல்லை.

கேள்வி: மண்ணிலிருந்து மருந்து எடுக்கிறார்கள் என்று படிக்கிறோம். உண்மையில் ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்? வேதியியலாளரின் பங்கு எந்த இடத்தில் தொடங்குகிறது? (முதுகலை வேதியியல் மாணவி, மதுரை)

பதில்: நானும் ஆய்வு மாணவனாக இருந்தபோது சில ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவன் என்பதால், கையால் செய்தபடியே சொல்கிறேன்.

ஒரு கிராம் மண்ணை நன்றாக உலரவிட்டு, கிருமி நீக்கிய நீரில் கலக்கி, அதைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்க்கச் செய்து, அகார் என்னும் ஊட்டக் கூழ் ஊற்றிய வட்டத் தட்டுகளில் பரப்புவோம். பூஞ்சை வளர்ந்து தட்டை மூடிவிடாமலிருக்க, பூஞ்சைக்கொல்லி ஒன்றையும் அகாரில் சேர்ப்பது வழக்கம். பிறகு 28 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். சாதாரண பாக்டீரியாக்கள் மறுநாளே பளபளவென்று எண்ணெய்த் துளிகளைப் போல வந்துவிடும். நாம் தேடும் ஆக்டினோமைசீட்ஸ் என்னும், இழை போல வளரும் பாக்டீரியா வகையோ மெதுவாக வரும். அவற்றின் திட்டுகள் சுண்ணாம்புப் பொடி தூவியது போல வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். ஊசியால் தொட்டால் தோல் போலக் கெட்டியாக அகாரைப் பற்றிக்கொண்டு, எளிதில் பெயர்ந்து வராது. மூடியைத் திறந்தால் முதல் மழையின் மண்வாசனை முகத்தில் அடிக்கும். அந்த வாசனைக்காகவே காலையில் முதல் ஆளாக ஆய்வகத்துக்குப் போன நாள்கள் எனக்கு உண்டு.

ஒவ்வொரு திட்டையும் தனியாக எடுத்துக் குடுவையில் வளர்த்து, அந்தக் குழம்பை வடிகட்டி, அதில் காகித வில்லையைத் தோய்த்து, நோய்க்கிருமி பரப்பிய தட்டின் மேல் வைப்போம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தெரிந்தால், குழம்பில் ஏதோ இருக்கிறது என்று பொருள். வேதியியலாளருக்கு வேலை தொடங்குவது அந்த வளையத்திலிருந்துதான். பல லிட்டர் குழம்பை எத்தில் அசிடேட்டுடன் குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, அடியில் மிஞ்சும் பழுப்புநிறப் பிசினைச் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பிரித்து, எந்தக் குப்பியில் வீரியம் இறங்கியிருக்கிறது என்று மீண்டும் வில்லை வைத்துப் பார்த்து, இப்படியே வடித்து வடித்துக் கடைசியில் சில மில்லிகிராம் தூய பொருள் கைக்கு வந்தால் அது பெரிய விஷயம். அதன் பிறகுதான் நிறை நிறமாலை, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, படிகம் கிடைத்தால் எக்ஸ் கதிர் ஆய்வு என்று அமைப்பைக் கண்டறியும் கட்டம் வருகிறது.

இத்தொழிலின் பெரிய வலி எது என்று கேட்டால், மறுபடியும் கண்டுபிடிப்பது என்பேன். எட்டு மாதம் உழைத்துத் தூய்மையாக்கிய பொருளின் நிறமாலையை எடுத்துப் பார்த்தபோது, அது பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவர் அறிவித்துவிட்ட ஸ்ட்ரெப்டோத்ரிசின் குடும்பத்துப் பொருள் என்று தெரிந்த மாலை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. 1943இல் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், மண்வாழ் நுண்ணுயிரிடமிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து கிடைத்த பிறகு, உலகெங்கும் நிறுவனங்கள் மண்ணை அள்ளிக் குவித்தன. எளிதில் கிடைக்கக்கூடியவை விரைவிலேயே கிடைத்துத் தீர்ந்தன. ஓமுரா களத்துக்கு வந்த 1965இல், ஒரே தேடலை எல்லோரும் ஒரே விதமாகச் செய்துகொண்டிருந்த நெருக்கடி அது. அவருடைய வாழ்நாள் சாதனை, அந்தத் தேடலின் கேள்வியை மாற்றியதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கோல்ஃப் மைதானத்து மண்ணில் ஏதோ தற்செயலாகக் கிடைத்தது, அதற்கு நோபல் பரிசு என்று என் நண்பர் வாதிடுகிறார். அதிர்ஷ்டம்தானே? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் நண்பரிடம், அந்த மண் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சொல்லுங்கள்.

1971இல் ஓமுரா அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராகச் சென்றார். அவரை அழைத்துக்கொண்ட மேக்ஸ் டிஷ்லர், மெர்க் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த பெரிய வேதியியலாளர். ஓமுரா 1973இல் கிட்டசாட்டோவுக்குத் திரும்ப வேண்டிய நிலை வந்தபோது, வெறுங்கையோடு போனால் அங்கே ஆய்வை நடத்தப் பணம் இருக்காது என்று உணர்ந்து, மெர்க்குடன் ஓர் உடன்பாட்டைச் செய்துகொண்டார். நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் புதியவற்றைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது கிட்டசாட்டோவின் பொறுப்பு. விலங்குகளில் சோதித்து மருந்தாக வளர்ப்பது மெர்க்கின் பொறுப்பு. ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி யென் வரும், மருந்து விற்றால் அதில் ஒரு பங்கும் கிட்டசாட்டோவுக்கு வரும். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கில் அத்தனை பேரும் முட்டிமோதிக்கொண்டிருந்த காலத்தில், கால்நடைகளுக்கான மருந்தை முதலில் தேடுவோம் என்று முடிவு செய்ததுதான் முதல் திருப்பம்.

அந்த உடன்பாட்டின் கீழ், ஷிசுவோக்கா மாநிலத்தின் ஈட்டோ நகரில், கவானா என்ற கடலோரப் பகுதியின் கோல்ஃப் மைதானத்துக்கு அருகில் எடுத்த மண்ணிலிருந்து ஓர் உயிரினம் பிரிக்கப்பட்டது. ஓமுரா எங்கே போனாலும் பணப்பையில் சிறு பிளாஸ்டிக் பைகளை வைத்திருப்பவர், கண்ணில் படும் மண்ணில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். 1974இல் மெர்க்குக்கு அனுப்பப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிரினங்களில் அதுவும் ஒன்று. கண்ணாடித் தட்டில் கிருமிகளைக் கொல்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால், அது பயனற்றதென்று கழித்துக் கட்டப்பட்டிருக்கும், ஏனென்றால் அதன் முக்கியப் பொருள் பாக்டீரியாவையும் கொல்லாது, பூஞ்சையையும் கொல்லாது. நியூஜெர்சியில் உள்ள மெர்க் ஆய்வகத்தில் கேம்பெலின் குழுவினர், குடற்புழு ஏற்றப்பட்ட எலிகளுக்கு அந்தக் குழம்பைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள், புழுக்கள் மறைந்தன. தட்டில் கேட்காமல், நோயுற்ற உயிரிடமே நேராகக் கேட்ட சோதனை அது. அவெர்மெக்டின் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் 1979இல் வெளிவந்தன.

மண்ணைக் கிளறியபோது அந்த உயிரினம் அகப்பட்டதில் தற்செயல் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான திட்டுகளைச் சலிக்காமல் பிரித்துப் பாதுகாத்ததிலும், அவற்றில் எதை அனுப்புவது என்று தெரிந்தெடுத்ததிலும், சரியான சோதனையின் முன் அதை நிறுத்தியதிலும் தற்செயல் எங்கே இருக்கிறது?

கேள்வி: அவெர்மெக்டின், ஐவர்மெக்டின் இரண்டும் ஒன்றா? ஐவர்மெக்டின் ஓர் ஆன்டிபயாடிக் என்று கொள்ளலாமா? புழுவைக் கொல்லும் மருந்து மனிதரை ஏன் ஒன்றும் செய்வதில்லை? (மருந்தியல் பட்டயப் படிப்பு மாணவர், சேலம்)

பதில்: இயற்கையில் அந்த உயிரினம் செய்வது அவெர்மெக்டின். நெருங்கிய உறவுடைய எட்டுப் பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. பதினாறு அணுக்களைக் கொண்ட பெரிய வளையமும், அதன் மேல் ஒலியாண்ட்ரோஸ் என்ற சர்க்கரை இரண்டும் சேர்ந்த அமைப்பு அது. ஓமுரா தம் முதல் ஆய்வில் போராடிய லூக்கோமைசினும் பதினாறு அணு வளையம் கொண்டதே. உருவத்தில் உறவு இருந்தும், ஒன்று பாக்டீரியாவின் புரத உற்பத்தியைத் தடுக்கிறது, மற்றொன்று புழுவின் நரம்பைப் பிடிக்கிறது. அவெர்மெக்டினில் 22, 23 எண்ணுள்ள கார்பன்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பை மட்டும், ரோடியம் கலந்த வில்கின்சன் வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜன் சேர்த்து ஒற்றைப் பிணைப்பாக்கினால் ஐவர்மெக்டின் கிடைக்கும். மற்ற இரட்டைப் பிணைப்புகளைத் தொடாமல் அந்த ஒன்றை மட்டும் தொடுவதில்தான் மெர்க் வேதியியலாளர்களின் கைத்திறன் இருக்கிறது.

நுண்ணுயிர் தரும் பொருள் என்ற அளவில் அது ஆன்டிபயாடிக்குகளின் உறவுக்காரன். பாக்டீரியாவைக் கொல்வது என்ற வழக்குப் பொருளில் அது ஆன்டிபயாடிக் ஆகாது. புழுக்களின் நரம்பிலும் தசையிலும், குளுட்டமேட் வந்து தொட்டால் திறந்துகொள்ளும் குளோரைடு வாயில்கள் இருக்கின்றன. ஐவர்மெக்டின் அவற்றைத் திறந்தபடியே வைத்துவிடுவதால் புழு செயலிழந்துபோகிறது. பாலூட்டிகளுக்கு அத்தகைய வாயில்கள் இல்லை. ஓரளவு ஒத்த வேறு வாயில்கள் நம் மூளையில் இருந்தாலும், மருந்து மூளைக்குள் நுழையாதபடி தடுத்து வெளியே தள்ளும் காவல் புரதம் ஒன்று நமக்கு உண்டு. அந்தப் புரதத்தில் மரபுக் குறை உள்ள ‘காலி’ (collie) என்ற இன நாய்களுக்கு இம்மருந்தை அதிக அளவில் கொடுத்தால் ஆபத்து என்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள்.

கேள்வி: இந்த மருந்தால் நம் நாட்டில் யாருக்குப் பயன்? கொரோனாவுக்கு நல்லது என்று சொன்னார்களே, அது என்னவாயிற்று? (இல்லத்தரசி, நாகப்பட்டினம்)

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். கொரோனா கிருமியை ஆய்வகக் குடுவையில் ஐவர்மெக்டின் அடக்கியது உண்மை, ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அளவு, மனித இரத்தத்தில் வழக்கமான மாத்திரை எட்டும் அளவைவிட மிக மிக அதிகம். பிரேசிலில் 1,358 நோயாளிகளிடம் முறையாக நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையை அது குறைக்கவில்லை. ஒரு நல்ல மருந்தை அதற்கு உரிய நோய்க்குத்தான் தர வேண்டும்.

உரிய நோய்கள் எவை? ஆப்பிரிக்காவில் ஆற்றோர ஈக்களின் கடியால் பரவி, தோலைத் தின்று, கண்ணைப் பறிக்கும் ஆற்றுக் குருடு முதன்மையானது. மெர்க் நிறுவனம் 1987இல், தேவைப்படும் காலம் வரை தேவைப்படும் அளவுக்கு மாத்திரைகளை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. மருந்து, உடலில் ஊரும் குஞ்சுப் புழுக்களை அழித்துத் தாய்ப்புழுவின் ஈற்றைச் சில காலம் நிறுத்துகிறது. தாய்ப்புழு பத்துப் பதினைந்து ஆண்டுகள் உயிரோடு இருப்பதால், ஊர் முழுவதும் ஆண்டுதோறும் விடாமல் மாத்திரை விழுங்க வேண்டியிருக்கிறது. அப்படி விழுங்கியே கொலம்பியா 2013இலும், எக்குவடோர் 2014இலும், மெக்சிகோ 2015இலும், குவாத்தமாலா 2016இலும், ஆப்பிரிக்காவில் முதலாவதாக நைஜர் 2025இலும் நோய் நீங்கியதற்கான சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றன.

நம் பக்கத்து நோய், யானைக்கால். அதற்கு டிஇசி, அல்பெண்டசோல் என்னும் இரண்டு மாத்திரைகளோடு ஐவர்மெக்டினையும் சேர்த்து மூன்றாக ஒரே வேளையில் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய பாதுகாப்பு ஆய்வை இந்தியாவில் நடத்தியது, புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், இடம் கர்நாடகத்தின் யாத்கிர் மாவட்டம். 2018 முதல் இந்தியாவின் சில மாவட்டங்களில் இம்முறை நடப்புக்கு வந்தது. இதில் என் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. டிஇசி மருந்து 1947இல் வெளிவந்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து. அப்போது அங்கே ஆய்வுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். முதல் டெட்ராசைக்ளினான ஆரியோமைசினும் அவர் தலைமையில் இருந்த அதே ஆய்வகத்தில்தான் மண்வாழ் நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தது. அந்த மூன்று மாத்திரைகளை ஒரே உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளும் பெண்மணியின் கையில் சென்னையில் படித்தவரின் உழைப்பும் நிராசாகிக்காரரின் உழைப்பும் சேர்ந்திருக்கின்றன.

கேள்வி: ஐவர்மெக்டினைத் தவிர ஓமுரா வேறென்ன கண்டுபிடித்தார்? (ஆய்வு மாணவர், சென்னை)

பதில்: அவருடைய குழு கண்டறிந்த புதிய பொருள்கள் ஏறத்தாழ ஐந்நூறு. எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டாரோஸ்போரின் கதை. 1977இல், எந்த நோயைத் தடுக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, குழம்பில் ஆல்கலாய்டு என்னும் நைட்ரஜன் கொண்ட காரப் பொருள் இருக்கிறதா என்று மட்டும் அவர்கள் தேடினார்கள். மெல்லிய சிலிக்காத் தகட்டில் பொட்டு வைத்து, ட்ராகென்டார்ஃப் கரைசலைத் தெளித்தால், ஆல்கலாய்டு உள்ள இடம் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். அப்படிக் கிடைத்த பொருளுக்கு அப்போது பெரிய பயன் எதுவும் தெரியவில்லை. 1986இல் வேறொரு ஜப்பானியக் குழு, அது புரதக் கைனேஸ் சி என்ற நொதியை மிகக் குறைந்த அளவிலேயே தடுப்பதைக் காட்டியது. கைனேஸ் தடுப்பு என்னும் புற்றுநோய் மருந்து ஆய்வே அதிலிருந்து வேகம் பிடித்தது. அதிலிருந்து உருவாக்கிய மிடோஸ்டாரின், ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் பொருள், பிறகு பயன் என்ற இந்த வரிசையை வேதியியலாளர் அல்லாத ஒருவர் துணிந்து எடுத்திருப்பாரா என்பது எனக்கு ஐயமே.

செருலெனின் என்பது முன்பே ஹாட்டாவின் குழுவிடம் இருந்த பொருள். அது கொழுப்பு அமிலம் உருவாவதைத் தடுக்கும் விதத்தை, அமெரிக்காவில் இருந்த காலத்தில் ஹார்வர்டின் கான்ராட் பிளாக்குடன் சேர்ந்து ஆராய்ந்தார். அதே பொருள் லூக்கோமைசின் உருவாவதையும் தடுக்கிறது என்று பின்னர் காட்டியதன் மூலம், ஆன்டிபயாடிக்கின் பெரிய வளையமும் கொழுப்பு அமிலமும் ஒத்த வழியில் கட்டப்படுகின்றன என்பதற்கு ஒரு சான்று கிடைத்தது. 1991இல் வந்த லாக்டாசிஸ்டின், நரம்புச் செல்களில் கிளை வளரச் செய்யும் பொருளைத் தேடியபோது அகப்பட்டது. செல்லுக்குள் பழுதான புரதங்களை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோமை அது முடக்குகிறது என்று 1995இல் தெரிந்த பிறகு, உலகின் உயிரியல் ஆய்வகங்களில் பரவலாகப் பயன்பட்டது.

கேள்வி: மருந்தில் வந்த பணம் என்னவாயிற்று? (வாசகர், ஈரோடு)

பதில்: கிட்டசாட்டோவுக்கே போயிற்று. ஒரே தடவையில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டபோது ஓமுரா இசையவில்லை, விற்பனையில் பங்கு என்ற ஏற்பாட்டில் உறுதியாக நின்றார். அந்த வருவாயால்தான் ஆய்வு நிறுவனம் நிமிர்ந்தது, சைட்டாமா மாநிலத்தின் கிட்டமோட்டோவில் 1989இல் ஒரு மருத்துவமனையும் எழுந்தது. அதன் நடைகூடங்களில் ஓவியங்களை மாட்டச் செய்தார். சொந்த ஊரில் தாம் 2007இல் அமைத்த கலைக்கூடத்தையும் சேகரித்த ஓவியங்களையும் நகரத்துக்கே கொடுத்துவிட்டார்.

கேள்வி: இப்போது மரபணு வரிசையைக் கணினியே படித்துவிடுகிறது. இனியும் மண்ணைக் கிளற வேண்டுமா? இத்துறைக்கு வர விரும்பும் என் போன்றவர்கள் எதைக் கற்க வேண்டும்? (இளநிலை மாணவி, திருநெல்வேலி)

பதில்: மரபணு வரிசையை முதலில் கையில் எடுத்தவர்களுள் ஓமுராவும் ஒருவர். அவெர்மெக்டினைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவெர்மிடிலிஸின் முழு மரபணுத் தொகுதியை அவரும் ஹருவோ இக்கேடாவும் அவர்கள் குழுவினரும் 2003இல் வெளியிட்டார்கள். 90,25,608 எழுத்துகள், 7,574 மரபணுக்கள். நம் குடலில் வாழும் ஈ. கோலைக்கு இதில் ஏறத்தாழப் பாதிதான் உண்டு. இத்தகைய பொருள்களைச் செய்யும் மரபணுக் கூட்டங்கள் மட்டும் முப்பது இருந்தன, அவற்றுள் பலவற்றின் விளைபொருளை அதுவரை எவரும் குடுவையில் கண்டதில்லை. அப்படியானால் ஒவ்வொரு உயிரினமும் தன்னிடம் உள்ளதில் சிறு பகுதியைத்தான் நமக்குக் காட்டுகிறது. எழுத்தைப் படித்தால் என்ன வகைப் பொருள் என்று ஊகிக்கலாம். அதைச் செய்யவைத்து, பிரித்து, தூய்மையாக்கி, புழுவிடமோ கிருமியிடமோ காட்டிப் பார்ப்பதற்கு இன்னும் கை வேண்டும். மண்வாசனையைத் தரும் ஜியோஸ்மின் இந்த உயிரினத்தில் எப்படி உருவாகிறது என்பதையும் அவர்கள் அமெரிக்க வேதியியலாளர் டேவிட் கேனுடன் சேர்ந்து 2006இல் விளக்கினார்கள். நான் தட்டைத் திறந்து முகர்ந்ததற்கு வேதிச் சமன்பாடு கிடைத்தது அப்போதுதான்.

கற்க வேண்டியவற்றைக் கேட்டீர்கள். கரிம வேதியியலை முதன்மையாகக் கொள்ளுங்கள், நிறமாலைகளைப் பிறர் உதவியின்றிப் படிக்கும் அளவுக்குப் பழகுங்கள், ஒரு பருவமாவது நுண்ணுயிரியல் துறையில் அமர்ந்து தட்டு ஊற்றக் கற்றுக்கொள்ளுங்கள். மண் எடுக்கப் போகும்போது மேல் மண்ணை விலக்கிவிட்டு, ஐந்து முதல் பத்து செண்டிமீட்டர் ஆழத்தில் சுத்தமான கரண்டியால் எடுத்து, பையின் மேல் இடம், தேதி, அருகில் இருந்த செடி ஆகியவற்றை அழியாத மையில் அங்கேயே எழுதிவிடுங்கள், ஆய்வகத்துக்கு வந்து எழுதலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். காப்புக்காட்டு மண்ணென்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும். மாதிரியையோ உயிரினத்தையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். பிரித்தெடுத்த உயிரினத்தில் ஒரு பகுதியைக் கிளிசரால் கலந்து உறைகுளிரில் வையுங்கள். மதிப்புள்ளது என்று தோன்றினால் சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்தில் ஒரு பிரதியைச் சேர்த்துவிடுங்கள். மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவில் பெட்டி உருகி, இரண்டு ஆண்டுச் சேகரிப்பை ஒரேயடியாக இழந்தவன் நான்.